வேலாயி பிளக்கைப் பிடுங்கவில்லை

அந்தமானின் மாயாபந்தரில், கப்பல் துறையான ஜெட்டிக்கு இறங்கும் சாலையில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது. கப்பல் டிக்கெட், சாதிச் சான்றிதழ், நிலப் பதிவின் நகல் எல்லாம் அங்கே ஒரே ஜன்னலில் கிடைக்கும். 2014ஆம் வருஷத்தோடு அந்த அலுவலகத்தை வேலாயி கூட்டித் துடைக்க ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஐம்பது வயது. பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பதினோரு வயதில் பெற்றோரோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் சில மாதம் இருந்து, அங்கிருந்து இன்னொரு கப்பலில் நிகோபாரின் கச்சால் தீவுக்குப் போனவள். அங்கே ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினாள். சுனாமி வந்து புருஷனையும் கொண்டுபோன பிறகு அந்தத் தீவில் இருக்க மனம் வரவில்லை. மகள் ராஜகுமாரியைக் கட்டிக்கொடுத்திருந்த மாயாபந்தருக்கே வந்துவிட்டாள்.

அலுவலகத்தின் கடைசியில், பொறுப்பதிகாரி சந்திரசேகரின் அறையை ஒட்டி, எப்போதும் சாத்தியே கிடக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஆள் உயர இரும்பு அலமாரியில் சர்வர்கள் அடுக்கியிருந்தன. அலுவலகத்தின் கணக்குவழக்கு முழுவதும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் ஓடுகிறது என்பது வேலாயிக்குத் தெரியும். அவை நின்றால் ஜன்னல் மூடும். அதனால் அந்த அறைக்குள் அவள் ஈரத்துணி கொண்டுபோக மாட்டாள். வாளியை வெளியே வைத்துவிட்டு, உலர்ந்த துணியால் தரையைத் தள்ளித் தள்ளித் துடைப்பாள். மதியம் ஒரு மணிக்கு, ஜன்னல் சாப்பாட்டுக்கு அடைக்கும் நேரத்தில், பத்து நிமிஷ வேலை.

அறையில் முதலில் இரண்டு ஏசி இருந்தன. ஒன்று சுவரில் பொருத்திய பழைய பெட்டி ஏசி. திருகு வைத்தது. கரண்ட் போய் வந்தால் தானாகவே உறுமிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். இன்னொன்று புதுசு, மேலே நீளமாகத் தொங்குவது. அது கரண்ட் போய் வந்தால் சும்மா கிடக்கும். ரிமோட்டை அமுக்கினால் ‘குய்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் ஓடும். மார்ச் மாதம் சந்திரசேகர் பழைய ஏசியைச் சுவரிலிருந்து கழற்றித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். ஓட்டையைப் பிளைவுட் பலகை வைத்து அடைத்தார்கள். அந்த மரத்தூளை இரண்டு நாள் கூட்டி அள்ளியவள் வேலாயி. புது ஏசியின் ரிமோட் தொலைந்துவிடக் கூடாது என்று அதையும் சந்திரசேகர் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மாயாபந்தரில் கரண்ட் போகாத நாள் கிடையாது. இரண்டு நிமிஷம் போகும், வந்துவிடும். பேட்டரி இருப்பதால் சர்வருக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். ஏசி மட்டும், யாராவது பார்த்துச் சொல்லிச் சந்திரசேகர் ரிமோட்டை எடுக்கும்வரை, நின்றே கிடக்கும்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் நாள். ஜன்னலில் காலை ஆறு மணியிலிருந்தே வரிசை நின்றது. பன்னிரண்டரை மணிக்கு முன்னால் ஏதோ ஒரு நேரத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறைந்துபோயின. ஜன்னலில் உட்காரும் குமாஸ்தா ஒச்சப்பன், லைன் போய்விட்டது, வரும் என்று சொல்லி வரிசையை நிறுத்திவைத்தார். ஒரு மணிக்கு வேலாயி வழக்கம்போல அவரிடம் சாவி வாங்கிக்கொண்டு சர்வர் அறையைத் திறந்தாள்.

முகத்தில் அனல் அடித்தது. கச்சாலில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையின் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. இரும்பு அலமாரியைத் தொட்டால் கை சுட்டது. எப்போதும் கேட்கும் இரைச்சல் இல்லை. பச்சை விளக்குகள் இல்லை. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய்ச் சந்திரசேகரின் கதவைத் தட்டினாள்.

“சாப், உள்ள ஒரே அனலா இருக்குங்க. மெஷின் பந்த் ஆகிக் கெடக்கு. ஏசி ஓடல.”

சந்திரசேகர் எழுந்து வந்தார். அறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். பிறகு, வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்டார்:

“எந்த பிளக்கைப் புடுங்கின?”

“நான் எதையும் தொடலீங்க சாப். நான் போனப்பவே அது செத்துக் கெடந்துச்சி.”

“பெருக்குறேன் பெருக்குறேன்னு ஒயரை இழுத்திருப்ப. ஒங்களை எல்லாம் உள்ள விட்டது என் தப்பு.”

ஜன்னலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜாடூவாலி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள் என்று யாரோ ஹிந்தியில் சொன்னது வரிசையின் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. ஜாடூவாலி என்றால் துடைப்பக்காரி. எட்டு வருஷமாக அந்த ஜன்னலில் ஜனங்களுக்குத் தண்ணீர் வைத்தவளுக்கு அன்றுதான் அப்படி ஒரு பெயர் விழுந்தது.

சர்வர் மறுபடி எழுந்தபோது மணி மூன்று. அதற்குள் மற்ற ஊர்க் கவுண்டர்களில் டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. வரிசையில் நின்றவர்களில் ஜெட்டியருகே மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்மாவும் ஒருத்தி. அவள் மகளுக்குச் சென்னையில் காலேஜ் சேர்க்கைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் பன்னிரண்டு நாள் கழித்து. விமானத்துக்கு அவளால் முடியாது. பொன்னம்மா வேலாயியிடம் நேராக வந்து, “ஒன் கை விளங்குமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும். துப்புரவுப் பணியாளரின் அஜாக்கிரதையால் சேவை தடைப்பட்டதற்கு வருந்துகிறோம். வேலாயிக்கு இரண்டு பாஷையும் வாசிக்க வராது. ஒச்சப்பன்தான் வாசித்துச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

சந்திரசேகர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தன் தவறால் நடந்தது, இனி நடக்காது என்று அதில் எழுதியிருந்தது.

“நான் செய்யாததுக்கு எப்படிங்க போடுறது?”

“போட்டா இதோட முடிஞ்சிடும் வேலாயி. சின்ன விஷயம்.”

“சின்ன விசயம்னா நீங்களே போட்டுக்கங்க.”

அவள் அப்படிப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவளே எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து சர்வர் அறைச் சாவி அவளுக்கு இல்லை. உள்ளே கூட்டுவதும் இல்லை. ஜெட்டியோரம் இருந்த பொதுக் கழிப்பறைகளைக் கழுவப் போகச் சொன்னார்கள். போனாள். வேலைக்கு அவள் என்றைக்கும் முகம் சுளித்தவள் இல்லை. ஆனால் கடைத்தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றது. பொன்னம்மா கடையில் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு ராஜகுமாரி அரை மைல் தள்ளி வேறு கடைக்குப் போனாள்.

“விட்டுத் தொலைம்மா,” என்றாள் மகள். “நீ செய்யலன்னு நமக்குத் தெரியும்ல.”

“நமக்குத் தெரிஞ்சி என்னாத்துக்கு ஆகும்? சுவத்துல நமக்குத் தெரிஞ்சதா ஒட்டியிருக்கு?”

ஜூலை மாதம் போர்ட் பிளேரிலிருந்து சித்ரா வந்தாள். ஒப்பந்த டெக்னீஷியன். இருபத்தாறு வயது, டிப்ளமோ படித்தவள். அப்பா அபர்டீன் பஜாரில் ரேடியோ பழுதுபார்ப்பவர். சர்வர் ஏன் நின்றது என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே அவள் சர்வரின் உள் பதிவைப் பார்த்துவிட்டு, அது சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது என்று சந்திரசேகரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை, அல்லது நம்பாதவர் மாதிரி இருந்தார். சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைக் காட்டினார். அது எப்போது பார்த்தாலும் இருபத்துமூன்று டிகிரிதான் காட்டும்.

சித்ரா தங்கியிருந்த அறை வேலாயி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. தமிழ்ப் பேச்சு கேட்டு அவளே வந்து பேசினாள். வேலாயி நடந்ததைச் சொன்னாள். ஏசி இடம் மாறியது, ரிமோட் டிராயருக்குள் போனது, புது ஏசி கரண்ட் வந்தாலும் குய் என்று கத்தினால்தான் ஓடும் என்பது எல்லாம். சித்ரா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டு வருஷத்தில் வேலாயி சொன்னதை யாரும் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“வேலாயிக்கா, இதை நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னாலும் எடுபடாது. அந்த ரூமே சொல்றமாதிரி ஒண்ணு வைக்கலாம்.”

அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டியது சீட்டுக்கட்டு அளவுகூட இல்லாத ஒரு பச்சைப் பலகை. ராஸ்பெர்ரி பை என்று பெயர் சொன்னாள். அதுவும் ஒரு முழுக் கம்ப்யூட்டர்தானாம். போன வருஷம் அவள் ஆசைக்கு வாங்கியது. அதோடு நுனியில் கறுப்புக் குமிழ் வைத்த ஒரு ஒயர், சூட்டை அளக்க. கதவில் ஒட்ட இரண்டு சின்னக் காந்தத் துண்டுகள், கதவு திறந்தால் தெரிய. ஒரு பழைய மொபைல் சார்ஜர், அதைப் பேட்டரி இல்லாத சுவர்ப் பிளக்கில் செருகிவிட்டால் கரண்ட் போன நிமிஷமும் வந்த நிமிஷமும் தெரியும். சிம் போட்ட ஒரு டாங்கிள், முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் மெசேஜ் அனுப்ப. எல்லாவற்றையும் அவள் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் அடக்கிவைத்திருந்தாள்.

சந்திரசேகரிடம் அனுமதி கேட்டபோது, “என்னவேணா வையி, ஆபீஸ்ல செலவு மட்டும் கேக்காத,” என்றார். எழுதித் தரவில்லை. அறைக்கு வெளியே ஒச்சப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தார். மெசேஜ் போகச் சந்திரசேகரின் நம்பரையும் சித்ரா வாங்கிக்கொண்டாள்.

அன்று மதியம் டப்பாவைப் பொருத்தும்போது சந்திரசேகர் சாப்பிடப் போயிருந்தார். வேலாயி கழிப்பறை வேலை முடித்து வாளியோடு அந்தப் பக்கம் வந்தவள், வாசலுக்கு வெளியிலேயே நின்று பார்த்தாள். சித்ரா சூட்டு ஒயரைத் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டப் போனாள்.

“அங்க வைக்காத தங்கச்சி. அங்க ஏசி காத்து நேரா அடிக்கும். அது ஓடுறப்ப அங்க நின்னா எனக்கே குளிரும். மெஷினுக்குப் பின்னால, சுவத்து இடுக்குல வையி. அங்கதான் வேகும்.”

சித்ரா பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். ஏசி ஓடும்போதே அங்கே வெதுவெதுப்பாக இருந்தது. ஒயரை அங்கே ஒட்டினாள். தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் ஒட்டினாள், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று.

ஆகஸ்ட் மாதம் அது மறுபடி நடந்தது. அன்றைக்கும் டிக்கெட் நாள். காலை முழுவதும் வேலாயி ஜெட்டியோரக் கழிப்பறையில் இருந்தாள். சர்வர் அறைக்குள் அவள் கால் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மதியம் இரண்டரை மணிக்கு ராஜகுமாரி ஓடிவந்தாள்.

“அம்மா, மறுபடி நின்னுபோச்சாம். நீதான் சாவியைத் திருடி உள்ள போனேன்னு பேசிக்கிறாங்க.”

வேலாயி கையிலிருந்த தேய்க்கும் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். அவள் அப்படியே, நனைந்த சேலையோடு, ரப்பர் பூட்ஸோடு, அலுவலகத்துக்குப் போனாள். வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சந்திரசேகர் அதற்குள் போர்ட் பிளேருக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். தடைசெய்யப்பட்ட பணியாளர் அத்துமீறி நுழைந்ததால் என்று.

“யாருங்க பார்த்தா நான் நொழஞ்சத?”

“ஒச்சப்பன்கிட்ட இருந்து நீ சாவி எடுத்திருக்க.”

வேலாயி ஒச்சப்பனைப் பார்த்தாள். ஒச்சப்பன் கீபோர்டைப் பார்த்தார். சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது, அதன் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

“சொல்லுங்கண்ணே,” என்றாள் வேலாயி.

அவர் சாவி வளையத்தைப் பைக்குள் தள்ளிக்கொண்டார்.

செப்டம்பரில் விசாரணைக்கு என்று போர்ட் பிளேரிலிருந்து பிஸ்வாஸ் என்கிற அதிகாரி வந்தார். வங்காளி. பத்து மணி நேரம் ரோட்டில் வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. சந்திரசேகரின் அறையிலேயே, பழைய ஏசியின் குளிரில், உட்கார்ந்து விசாரித்தார். பேச்சு ஹிந்தியில் நடந்தது. கச்சாலில் பேசிப் பழகிய ஹிந்தி வேலாயிக்குப் போதும்.

சந்திரசேகர் முதலில் சித்ராவின் டப்பாவை மேஜையில் வைத்தார். அனுமதியில்லாத சாதனம் என்றார். இதனால்தான் சர்வர் கெட்டிருக்கலாம் என்றுகூடச் சொன்னார். சித்ராவுக்குக் காது சிவந்தது. அவள் நான்கு தாள்களை பிஸ்வாஸ் முன்னால் பரப்பினாள். தாள்களில் ஏறி இறங்கும் கோடுகள். கோட்டின் கீழே நேரம்.

“ஆகஸ்ட்ல சர்வர் நின்ன அன்னைக்குக் காலையில ஒன்பது பத்துக்குக் கதவு ஒரு தடவை திறந்து மூடியிருக்கு சார். பதினொண்ணு ஏழுக்குக் கரண்ட் போயிருக்கு. பதினொண்ணு ஒன்பதுக்கு வந்திருக்கு. அதுக்கப்புறம் ஏசி ஓடலை. அலமாரிக்குப் பின்னால சூடு ஏறிக்கிட்டே போகுது. பதினொண்ணு நாற்பதுக்கு முப்பத்தஞ்சு. பன்னிரண்டுக்கு முப்பத்தொன்பது. பன்னிரண்டு இருபத்தஞ்சுக்கு நாற்பத்துநாலு. பன்னிரண்டு முப்பத்தொண்ணுக்கு சர்வர் தன்னை அணைச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் கதவு முதல் தடவை திறந்தது ஒண்ணு ரெண்டுக்கு. காலையில இருந்து அதுவரைக்கும் உள்ள யாருமே போகலை.”

பிஸ்வாஸ் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டு போனார். “ஏசியை ஏன் போடவில்லை?” என்று கேட்டார்.

“ஏசி நின்றது எனக்கு எப்படித் தெரியும் சார்?” என்றார் சந்திரசேகர்.

“மூணு மெசேஜ் போயிருக்கு சார்,” என்றாள் சித்ரா. “எனக்கும் அவருக்கும். நான் அன்னைக்கு டிக்லிபூர்ல இருந்தேன். அவருக்கு மூணு தடவை போன் பண்ணினேன், எடுக்கலை.”

பிஸ்வாஸ் கையை நீட்டினார். சந்திரசேகர் தன் போனை எடுத்து, கொஞ்சம் தயங்கி, கொடுத்தார். மூன்று மெசேஜும் இருந்தன. திறந்தே பார்க்கப்படாமல். ரிமோட் எங்கே என்று பிஸ்வாஸ் கேட்டார். டிராயரைத் திறக்க வேண்டியிருந்தது. அன்று பதினொன்றரை மணியிலிருந்து இரண்டு மணிவரை சந்திரசேகர் வீட்டில் இருந்தார், டிராயர் சாவி அவர் இடுப்பில் இருந்தது என்பதைப் பியூன் சொன்னான். அப்போதுதான் ஒச்சப்பன் எழுந்தார்.

“ரூம் சாவி என்கிட்டதான் சார் இருந்துச்சு. வேலாயி எடுக்கலை. ஒரு மணிக்குத் திறந்ததும் நான்தான்.”

வேலாயி திரும்பினாள்.

“எந்திரம் சொன்னதுக்கு அப்புறம்தான் ஒனக்கு வாய் வந்திச்சா அண்ணே?”

பிஸ்வாஸ் அவளை அமைதியாக இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, ஹிந்தியும் தமிழுமாகப் பேசினாள்.

“சாப், இந்தத் தாள்ல இருக்கிறது எல்லாம் ஜூன் மாசமே நான் சொன்னது. அனலடிக்குதுன்னு ஓடிவந்து சொன்னவளே நான்தான். ஏசி ஓடலன்னு சொன்னேன். நான் போறதுக்கு முன்னாலயே செத்துக் கெடந்துச்சின்னு சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. இதுக்கு நாலு ஒயர் இருக்குன்னு நம்புறீங்க. எனக்கு வாய் இருக்கே, அத நம்ப என்னா கேடு?”

பிஸ்வாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நீ சொல்வது சரிதான் அம்மா, அறிக்கையில் எழுதுகிறேன் என்றார். வேலாயி தலையாட்டினாள். சுவரில் ஒட்டியதையும் எடுக்கச் சொல்லுங்க என்றாள். அதே இடத்தில் நான் செய்யவில்லை என்று ஒட்டச் சொல்லுங்க என்றாள். பார்க்கலாம் என்று அவர் எழுந்தார்.

நோட்டீஸை எடுத்தார்கள். புதிதாக எதுவும் ஒட்டவில்லை. பழைய ஏசி தன் சுவருக்கே திரும்பியது, வேலாயியும் அலுவலகம் கூட்டும் வேலைக்கே திரும்பினாள். ரிமோட்டை அறைக்குள்ளேயே நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். டிபன் டப்பா மட்டும் திரும்பவில்லை. அனுமதியற்ற பொருள் என்று சீட்டு ஒட்டி இரும்பு பீரோவில் பூட்டினார்கள். அனுமதி வாங்காமல் சாதனம் பொருத்தியதற்கு விளக்கம் கேட்டு சித்ராவுக்கு மெமோ வந்தது. சந்திரசேகருக்கும் ஒரு மெமோ வந்தது. இரண்டு மெமோவும் ஒரே அளவில், ஒரே மாதிரி இருந்தன. அதைக் கேட்டபோது வேலாயிக்கு வந்த கோபம், தன்னைப் பழி சொன்ன அன்றுகூட வரவில்லை.

“திருடனுக்கும் புடிச்சுக் குடுத்தவளுக்கும் ஒரே காகிதமா?”

“எழுதி வாங்காம வெச்சது என் தப்புதான்க்கா.”

“ஒன் தப்பா? வாயால சொன்னா அவருக்கு மறந்துபோகுமா?”

நவம்பர் முதல் வாரம் வேலாயி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ராஜகுமாரி எழுத்துக்கூட்டி வாசித்தாள். மேற்படி சம்பவங்களில் மேற்படி துப்புரவுப் பணியாளரின் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.

“அப்படின்னா?”

“நீ செஞ்சேன்னு காட்ட முடியலையாம்.”

“செய்யலன்னு போட்டிருக்கா?”

“அப்படிப் போடல.”

வேலாயி கடிதத்தை வாங்கி மடித்தாள். காகிதத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு அவள் புருஷன் வெள்ளைச்சாமியின் பெயர் நெடுநாள் காணாமல் போனவர்கள் பட்டியலில்தான் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கக் கரைக்குப் போனவர். அலை வந்ததை மேட்டிலிருந்து அவள் கண்ணால் பார்த்தாள். அவர் போய்விட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ‘இறந்தார்’ என்று எழுதாதவரை அவளுக்கு நிவாரணப் பணம் எதுவும் இல்லை. திவசம் கொடுப்பதா வேண்டாமா என்றுகூட உறவுக்காரர்கள் சண்டை போட்டார்கள். ‘காணவில்லை’ என்ற ஒரு வார்த்தை அவளை அத்தனை காலம் ஜன்னல் ஜன்னலாக நிற்கவைத்தது. இப்போது ‘நிரூபிக்கப்படவில்லை’.

மறுநாள் காலை வேலைக்குப் போனாள். கூட்டினாள். பத்து மணிக்குச் சந்திரசேகர் வந்ததும் அவர் மேஜைமேல் கடிதத்தை வைத்தாள்.

“இது வேணாங்க. வேலாயி பிளக்கைப் புடுங்கலன்னு எழுதிக் குடுங்க.”

“ஆபீஸ் பாஷையில அப்படித்தான் எழுதுவாங்க வேலாயி. ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா மாத்தி எழுதுறதுல ஒங்களுக்கு என்னாங்க கஷ்டம்?”

அவர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். மறுநாளும் பத்து மணிக்குக் கடிதத்தை வைத்தாள். அதற்கு மறுநாளும். சத்தம் போடவில்லை, கண்ணீர் விடவில்லை. கடிதத்தை வைப்பாள், அதே வாக்கியத்தைச் சொல்வாள், போய் வேலையைப் பார்ப்பாள். சர்வர் அறையைக் கூட்டச் சொன்னார்கள். அது எழுதி வந்தபிறகுதான் என்றாள். இரண்டு வாரத்தில் அந்த அறையின் தரையில் பல்லி எச்சமும் தூசியும் சேர்ந்தன. சர்வரின் காற்று ஜாலியில் நூலாம்படை கட்டியது. வரிசையில் நிற்பவர்களுக்கும் விஷயம் தெரிந்துபோய், பத்து மணி ஆனால் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒச்சப்பன்தான் போர்ட் பிளேருக்குப் போன் போட்டு பிஸ்வாஸிடம் பேசினார். இந்தத் தடவை எந்திரம் ஒன்றும் அவருக்குத் துணையில்லை. அவருடைய நிரந்தர உத்தரவும் வந்திருக்கவில்லை. அதை வேலாயி கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பதினெட்டாம் நாள் புதுக் கடிதம் வந்தது. இரண்டே வரி. வேலாயி, கணவர் பெயர் வெள்ளைச்சாமி, சர்வரின் மின் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அலுவலகத்தின் குளிரூட்டி இயங்காததே காரணம். கீழே பிஸ்வாஸின் கையெழுத்து, முத்திரை.

அதை எடுத்துக்கொண்டு அவள் நேராகப் பொன்னம்மாவின் மளிகைக் கடைக்குப் போனாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்தப் படி ஏறினாள். பொன்னம்மா வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

“அப்ப என் புள்ளையோட காலேஜ் சீட்டு?”

“அத ஏசி மாட்டிக்கிட்ட ஆள்கிட்ட கேளு. என்கிட்ட கேட்ட மாதிரியே கேளு. அந்தாளு கையி விளங்குமான்னு கேளு.”

பொன்னம்மாவின் முகம் கறுத்தது. மன்னிப்பு என்று எதுவும் அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரமே மகளை விட்டுச் சந்திரசேகர்மேல் ஒரு மனு எழுதவைத்து, அன்று வரிசையில் நின்ற பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கிப் போர்ட் பிளேருக்கு அனுப்பினாள். பதினெட்டாவது கையெழுத்து வேலாயியுடையது. கோணலாக, ஆனால் முழுப் பெயராக.

மனுவுக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை. டிசம்பரில் சித்ராவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. ஜனவரியில் சந்திரசேகருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. நான்கு வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல். மரைன் ஹில்லில் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். மார்ச்சில் மெயின்லேண்டிலிருந்து ஒரு கம்பெனி வந்து, பெரிய திரையும் சிவப்பு விளக்கும் வைத்த ஒரு கண்காணிப்புப் பெட்டியைச் சர்வர் அறையில் மாட்டியது. சூடு, கரண்ட், கதவு, மூன்றையும் அது பார்க்குமாம். திறந்துவைக்க ஆள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். இனிப்பு கொடுத்தார்கள். வேலாயி இனிப்பு எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அவள் சித்ராவுக்குப் போன் செய்தாள். சித்ரா போர்ட் பிளேரில் ஒரு மீன் குளிர்சாதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கேயும் இரண்டு டிபன் டப்பா வைத்திருப்பதாகச் சொன்னாள். எழுத்தில் அனுமதி வாங்கித்தான் வைத்தேன்க்கா என்று சிரித்தாள்.

“சிரிக்காத தங்கச்சி. நீ காசு போட்டு வெச்சத பீரோவுல பூட்டிட்டு, அதையே பெருசா வாங்கிட்டு வந்து ரிப்பன் வெட்டுறானுங்க. ஒன் பேரை ஒருத்தன் சொல்லல.”

“பரவாயில்லக்கா. ஒங்களுக்கு லெட்டர் கெடைச்சுதுல்ல.”

“எனக்குக் கெடைச்சிச்சி. அந்தாளு என்னாத்த இழந்தான்? கடல் பார்த்த வீடு குடுத்திருக்காங்க.”

சித்ரா, அந்த மெமோ இன்னும் தன் ஃபைலில் இருப்பதாகவும், வேறு அரசு வேலைக்கு மனு போட்டால் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னாள்.

“அதுல என்னா எழுதியிருக்கு?”

“அனுமதியில்லாம சாதனம் வெச்சதா.”

“சந்திரசேகர் சாப் சரின்னு சொன்னப்ப ரூமுக்கு வெளிய ஒச்சப்பன் உக்காந்திருந்தாருல்ல. கேட்டிருப்பாரு.”

“கேட்டிருப்பாரு. சொல்லணுமே.”

“சொல்லுவாரு,” என்றாள் வேலாயி. “நாளைக்குப் பத்து மணிக்கு நான் போயிக் கேக்குறேன்.”